மஸ்கடே: ஓக் வாசம் இல்லாத ஒரு வெள்ளை ஒயினுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வெள்ளை ஒயின் பக்கம் புதிதாக வருபவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் நான் மஸ்கடேயைத்தான் சொல்வேன். விலை குறைவு. மதுச்சத்து சுமார் 12 சதவீதம்தான். இனிப்பு கிடையாது, ஓக் பீப்பாய் தரும் வனிலா வாசமும் கிடையாது. சுருக்கென்ற புளிப்பும் லேசான உப்புக்கரிப்பும்தான் இதன் குணம். ஒரே சிக்கல், எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்துவிட்டால் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததுபோல் ஒன்று வந்து சேரும். "இவ்வளவுதானா" என்று அதோடு விட்டுவிடுவோம். நல்ல மஸ்கடேக்கும் மோசமான மஸ்கடேக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பணத்தைவிட லேபிளைப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம்.

முதலில், இது எங்கே விளைகிறது

பிரான்சின் மேற்குக் கோடியில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் நாந்த் நகரம் இருக்கிறது. நகரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் பரந்திருக்கும் தோட்டங்கள்தான் மஸ்கடேயின் சொந்த ஊர். கடல் பக்கத்தில் இருப்பதால் குளிரும் வெயிலும் மிதமாக இருக்கும், மழை உண்டு, காற்று உண்டு. திராட்சை அதிகச் சர்க்கரை சேர்க்காமலே பழுத்துவிடும். புளிப்பு தங்குவதும் மதுச்சத்து ஏறாததும் இதனால்தான்.

திராட்சை அநேகமாக ஒரே ரகம்தான். மெலோன் த பூர்கோன் என்று பெயர். பெயரிலேயே இருப்பதுபோல இது கிழக்குப் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்திலிருந்து வந்தது. மரபணுச் சோதனைப்படி, ஷார்தொனே என்ற புகழ்பெற்ற வெள்ளைத் திராட்சைக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றுதான்: பினோ, கூவே பிளாங் என்ற இரண்டு ரகங்கள். சொந்த ஊரில் மதிப்பு இல்லாமல் ஒதுக்கப்பட்ட இந்த ரகம் நாந்த் பக்கம் வேர்விட்டதற்கு இரண்டு காரணங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் பிராந்தி வடிக்க மலிவான வெள்ளை ஒயினைத் தேடி இங்கே வந்தார்கள். வடிப்பதற்குத்தானே, தனி மணம் எதற்கு? அதனால் சிவப்புத் திராட்சை இருந்த இடங்களில் வெள்ளை ஏறியது. அடுத்தது 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர். ஐரோப்பா முழுவதும் உறைந்துபோன அந்தக் குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மறுபடி நட்டபோது குளிரைத் தாங்கும் மெலோன்தான் கைகொடுத்தது.

ஆனால் மெலோன் தாங்குவது நடுக்குளிரை. சீக்கிரம் துளிர்க்கும் ரகம் என்பதால் ஏப்ரல் மாத உறைபனியில் அடிபட்டுவிடும். 1991லும் 2021லும் அப்படித்தான் நடந்தது. ஏதாவது ஒரு வருடத்துப் பாட்டில் கடையில் கிடைக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடையில்: லேபிளில் எதைத் தேடுவது

ஒரு சின்ன எச்சரிக்கை. மஸ்கட், மொஸ்காட்டோ என்ற பெயர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பூ மணம் வீசுபவை, பல இனிப்பானவை. மஸ்கடேக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. இனிப்பை எதிர்பார்த்து மஸ்கடே வாங்கினால் முகம் சுளிக்க வேண்டியிருக்கும்.

சரி, லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது வட்டாரத்தின் பெயர். வெறும் மஸ்கடே என்று மட்டும் போட்டிருந்தால் அது பொதுவான சட்டப் பெயர், 1937இல் கிடைத்தது. அதற்கு மேலே மூன்று உள்வட்டாரங்கள் உண்டு. செவ்ர் எ மேன் என்பதுதான் பெரியது. செவ்ர், மேன் என்ற இரு சிறு ஆறுகளின் பெயரால் வந்தது. சந்தையில் நல்ல பாட்டில்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. லுவார் கரையில் ஆன்சனி ஊரைச் சுற்றியுள்ளது கோத்தோ த ல லுவார். இவை இரண்டுக்கும் 1936இலேயே அங்கீகாரம் கிடைத்துவிட்டது. மூன்றாவது, கிராண்லியூ ஏரியைச் சுற்றியுள்ள கோத் த கிராண்லியூ. இதற்கு 1994இல்தான் தனிப்பெயர் கிடைத்தது. முதல் பாட்டிலுக்குச் செவ்ர் எ மேன் எடுங்கள். மற்றவை மட்டம் என்பதால் அல்ல. இதில் தேர்வு அதிகம், அதனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு.

இரண்டாவது, இதுதான் முக்கியம், சூர் லீ என்ற இரண்டு சொற்கள். ஒயின் தன் ஈஸ்ட் மண்டியின் மேலேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்தது என்று இதற்கு அர்த்தம். இந்தச் சொற்கள் இல்லாத பாட்டிலைப் புதியவர்கள் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

மூன்றாவது, பாட்டிலில் அடைத்தது யார். தோட்டத்திலேயே அடைத்தது என்று பிரெஞ்சில் பொடி எழுத்தில் இருக்கும். 'தொமேன்' அல்லது 'ஷாத்தோ' என்ற சொல்லோ 'ப்ரொப்ரியேத்தே' என்ற சொல்லோ அந்த வரியில் வரும். பல தோட்டங்களில் வாங்கிக் கலந்து விற்கும் பெரு வணிகர்களிடமும் நல்ல சரக்கு உண்டு. ஆனால் எது நல்லது என்று தெரியாதபோது தானே விளைவித்துத் தானே அடைப்பவரை நம்புவது மேல்.

நான்காவது, அறுவடை ஆண்டு. சாதாரண சூர் லீ என்றால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருந்தால் போதும். பழசானால் கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம், நன்றாகச் செய்த பாட்டில் ஐந்து வருடம் அசராமல் நிற்கும். ஆனால் கடைக்காரர் வெயில் படும் கண்ணாடிப் பக்கம் நிற்க வைத்திருக்கும் பழைய பாட்டிலைத் தொடாதீர்கள்.

விலை? பிரான்சிலேயே வாங்கினால் சாதாரணமான நல்ல சூர் லீக்குப் பொதுவாக 10 யூரோவைத் தாண்ட வேண்டியதில்லை. இவ்வளவு மலிவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1970களிலும் 80களிலும் பாரிஸ் உணவகங்களிலும் இங்கிலாந்திலும் மஸ்கடேக்கு ஏகப்பட்ட கிராக்கி. கிராக்கி இருக்கிறதே என்று கொடியில் காய்ப்பை ஏற்றி, சப்பென்ற ஒயினை லாரி லாரியாக விற்றார்கள். 1991 உறைபனியில் சரக்கு குறைந்து விலை ஏறியதும் வாங்கியவர்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு பலர் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள், தோட்டப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. விடாமல் நின்றவர்கள் கவனமாகச் செய்பவர்கள். அவர்களின் ஒயினுக்கு இன்னும் அந்தப் பழைய கெட்ட பெயருக்கான விலைதான் கிடைக்கிறது. அவர்களுக்கு இது அநியாயம், வாங்குகிற நமக்கு லாபம்.

மண்டி அப்படி என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மஸ்கடேயின் சுவை திராட்சையில் பாதி, இதில் பாதி.

அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். பிழிந்த சாறு தொட்டிக்குப் போகும். இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம் தரைக்கடியில் கட்டிய சிமென்ட் தொட்டி. உள்ளே கண்ணாடி ஓடுகள் பதித்திருப்பார்கள். மண்ணுக்குள் இருப்பதால் சூடு ஏறாது. எஃகுத் தொட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டிலும் மர வாசம் ஏற வழியில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக்கி முடித்ததும் செத்து அடியில் படியும். வேறு ஊர்களில் ஒயினைத் தெளிய வைத்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே மாற்றுவதில்லை. அப்படியே விட்டுவிடுவார்கள்.

செத்த ஈஸ்ட் செல்கள் மெல்ல உடையும். அவற்றின் சுவர்களிலிருந்தும் உள்ளிருந்தும் புரதமும் அமினோ அமிலங்களும் ஒயினில் கலக்கும். அதனால் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. ஒயினுக்கு வாயில் ஒரு கனம் வருகிறது. புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்காது. புதிதாகச் சுட்ட ரொட்டியின் லேசான மணம் வருகிறது. மண்டி காற்றிலுள்ள ஆக்சிஜனையும் வாங்கிக்கொள்வதால் ஒயின் வதங்காமல் இருக்கிறது. தொட்டி மாற்றாததால் நொதித்தபோது உண்டான கரியமில வாயுவில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். முதல் வாயில் நாக்கு நுனியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு தெரிவது அதனால்தான். பாட்டில் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சூர் லீ என்று போட வேண்டுமானால் ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டியின் மேல் இருந்திருக்க வேண்டும், அடுத்த மார்ச்சுக்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது, எங்கே செய்தார்களோ அந்தக் கிடங்கிலேயே அடைக்க வேண்டும் என்பது விதி. கடைசி நிபந்தனைக்குக் காரணம் உண்டு: லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மண்டியும் போய்விடும், வாயுவும் போய்விடும்.

வீட்டில்: குளிர வைப்பது, ஊற்றுவது, சுவைப்பது

மஸ்கடேக்கு 8 முதல் 10 டிகிரி போதும். வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிடக் குளிரானது. இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே வைத்து, குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன் வெளியே எடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுக் கழுத்துவரை மூழ்க வைத்தால் இருபது நிமிடத்தில் ஆகிவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் தாமதமாகும். உறைகுளிரில் குடித்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும், மண்டி தந்த கனமும் மணமும் ஒளிந்துகொள்ளும். மஸ்கடேயைப் பற்றி "ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஐஸ் மாதிரிக் குடித்தவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

கிளாஸ் எதுவானாலும் பரவாயில்லை, வாய் சற்றுக் குறுகலாக இருந்தால் நல்லது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள், ஆட்டிவிட்டு மறுமுறை முகருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், சில நேரம் பேரிக்காய், கடற்கரைக் காற்று என்று ஏதாவது தட்டுப்படும். தட்டுப்படாவிட்டாலும் கவலையில்லை, மெலோன் மணத்துக்குப் பேர்போன ரகமே அல்ல. அடுத்து ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கின் ஓரங்களில் பரவ விடுங்கள். எச்சில் ஊறுவது புளிப்பின் வேலை. விழுங்கிய பிறகு உப்புபோல ஒன்று தங்கினால் நல்ல பாட்டில்தான்.

பாட்டிலின் அடியிலோ தக்கையிலோ கண்ணாடித் தூள் மாதிரி சின்னப் படிகங்கள் இருந்தால் அது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிந்தது, தீங்கு இல்லை. ஆனால் ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மீந்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

எதோடு சாப்பிடுவது

இந்த ஒயினுக்கும் பச்சைச் சிப்பிக்கும் உள்ள உறவு பிரான்ஸ் முழுக்கத் தெரிந்தது. சிப்பியில் ஏற்கெனவே உப்பும் கடல் வாசமும் இருக்கின்றன. எலுமிச்சை பிழிய வேண்டிய வேலையை மஸ்கடே செய்துவிடும். பச்சைச் சிப்பி எல்லாருக்கும் ஒத்துவராது, கட்டாயமும் இல்லை. அவித்த கருநிற மட்டி, இறால், நண்டு, பொரித்த சின்ன மீன் எல்லாமே நன்றாகப் போகும்.

நாந்த்தில் ஒரு சாஸ் உண்டு, பெர் பிளாங். சின்ன வெங்காயத்தை வினிகரிலும் மஸ்கடேயிலும் வற்ற வைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்துக் கட்டுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாந்த் அருகே லுவார் கரையில் உணவகம் நடத்திய கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற சமையல்காரர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். ஆற்று மீன்மேல் இந்தச் சாஸை ஊற்றி, அதே ஒயினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்த ஊர்ச் சாப்பாடு முழுமையாகிவிடும். வெண்ணெயின் பிசுபிசுப்பைப் புளிப்பு வெட்டுவதை இதைவிடத் தெளிவாக எதிலும் உணர முடியாது.

சைவம் என்றால் வெள்ளாட்டுப் பால் சீஸ். மிளகாய்க் காரம் தூக்கலாக இருக்கும் சாப்பாட்டோடு இது எடுபடாது. காரம் புளிப்பை இன்னும் கூர்மையாக்கிவிடும். இனிப்புப் பண்டத்தோடும் வேண்டாம்.

அடுத்த படி: க்ரூ

நாலைந்து சூர் லீ பழகிய பிறகு க்ரூ என்ற வகைக்குப் போகலாம். தனித்தனி ஊர்களின் பெயரில் வரும் மஸ்கடே இது. கிளிசோன், கோர்ஜ், லு பாலே என்ற மூன்று ஊர்களுக்கு 2011இல் இந்த அந்தஸ்து கிடைத்தது. 2019இல் கூலேன், ஷாத்தோ தெபோ, மோனியேர் சாங் ஃபியாக்ர், மூஸியோன் தில்லியேர் சேர்ந்தன. கொடியில் காய்ப்பைக் குறைத்து, மண்டியின் மேல் ஒன்றரை இரண்டு ஆண்டு அல்லது அதற்கும் மேலே வைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு நாள் மண்டியில் கிடந்தும் இந்தப் பாட்டில்களில் சூர் லீ என்று பொதுவாகப் போட்டிருக்காது. அந்தச் சொற்களுக்கான கால வரம்பைத் தாண்டிவிடுகிறதாம்! அதனால் இங்கே ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

ஊருக்கு ஊர் பாறை மாறும். கிளிசோன் கிரானைட்; ஒயின் சதைப்பற்றோடு, பழுத்த பழ மணத்தோடு இருக்கும். கோர்ஜில் காப்ரோ, பூமிக்கடியில் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உறைந்த கருமையான பாறை. அங்கிருந்து வருவது இறுக்கமாக, சற்றே புகைவாசத்தோடு இருக்கும், திறந்ததும் பேசாது. பாறை கரைந்து ஒயினில் வருகிறது என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பாறை தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது, மண் எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பவைதான் பழத்தை மாற்றுகின்றன. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது.

க்ரூவை 11, 12 டிகிரியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் முன்பே திறந்து வைத்தால் நல்லது. பத்து வருடம் வைத்தாலும் தாங்குபவை இதில் உண்டு. நிறம் பொன்னாகி, தேன், வறுத்த பருப்பு வாசம் வரும்.

ஊருக்கே போவதென்றால்

பாரிஸ் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து நாந்த்துக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாந்த்திலிருந்து கிளிசோனுக்கு டிராம் ரயில் உண்டு. அது திராட்சைத் தோட்டங்கள் ஊடாகவே போகிறது, லு பாலேயிலும் நிற்கும்.  இடைக்காலத் தத்துவவாதி அபேலார் பிறந்தது லு பாலே என்ற இந்தச் சின்ன ஊரில்தான், 1079இல்.

கிளிசோன் பார்ப்பதற்குப் பிரான்ஸ் மாதிரியே இருக்காது. 1790களின் உள்நாட்டுப் போரில் எரிந்துபோன ஊரை இத்தாலியப் பாணியில் மறுபடி கட்டினார்கள். இடிந்த கோட்டை, பழைய சந்தைக் கூடம், ஆற்றங்கரை எல்லாம் நடந்தே பார்க்கலாம். ஜூன் மாதத்தில் போவதாக இருந்தால் தேதியைச் சரிபாருங்கள். ஹெல்ஃபெஸ்ட் என்ற பெரிய மெட்டல் இசை விழா அங்கேதான் நடக்கிறது. அந்த நாட்களில் அறை கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. ஷாத்தோ தெபோவில் மேன் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நீளும் இரும்பு நடைமேடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கும் தோட்டங்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்று அங்கிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரியும்.

தோட்டங்களுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். பெரும்பாலும் குடும்பமே நடத்துவது; தொட்டியடியில் இருப்பவர்தான் கதவையும் திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அறுவடை வாரங்களும் உகந்தவை அல்ல. சுவைக்கத் தருவதைத் துப்புவதற்குத் தனிப் பாத்திரம் இருக்கும். துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கார் ஓட்டுகிறவர் துப்பித்தான் ஆக வேண்டும்: பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. இளையதிலிருந்து பழையதுக்கு, சாதாரணத்திலிருந்து க்ரூவுக்கு என்ற வரிசையில்தான் ஊற்றுவார்கள். முடிந்ததும் ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்கிக்கொள்வது மரியாதை.

வாங்கியதை விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும். துணிகளுக்கு நடுவே, தக்கையிட்ட பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி. இந்தியா திரும்புகிறவர்களுக்கு வரி இல்லாமல் 2 லிட்டர் மதுவுக்கு அனுமதி உண்டு, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. சூர் லீ எங்கேயாவது கிடைத்துவிடும். இரண்டையுமே க்ரூவாக எடுங்கள், ஒன்று கிளிசோன், ஒன்று கோர்ஜ், ஒரே அறுவடை ஆண்டில்.